ஓடித் தீராத கணக்கு



சரீர முயற்சியினால் உண்டாகும் பயன் சிறியது என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதை (1 தீமோ. 4:8) நம்முடைய சபைகளில் அறியாதவர் இல்லை. மனப்பாடம் செய்த எத்தனையோ வசனங்கள் மறந்துபோகின்றன; இது மட்டும் எப்படியோ நினைவில் நிற்கிறது. மருத்துவர் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்று ஒருவர் தொடங்கினால், அருகில் இருப்பவர் இந்த வசனத்தைச் சொல்லிப் பேச்சை முடித்து வைப்பார். நான் இதைப் பெரும்பாலும் பந்தியில் அமர்ந்திருக்கும்போதுதான் கேட்டிருக்கிறேன்.

அதை எழுதியவர் யார் என்பதையும் சற்றுக் கவனியுங்கள். அப்போஸ்தலருடைய நடபடிகள் 20ஆம் அதிகாரத்தில், துரோவா பட்டணத்தில் பவுல் விடியும்வரை பேசிக்கொண்டிருக்கிறார். மறுநாள் உடன் இருந்தவர்களைக் கப்பலில் அனுப்பிவிட்டு, தாம் மட்டும் ஆசோ பட்டணத்துக்குத் தரைவழியாகப் போகிறார். சுமார் 30 கிலோமீட்டர் தூரம். கப்பலில் இடம் இல்லாமல் அல்ல. தாமே அப்படித் தீர்மானித்தார் என்று லூக்கா குறித்து வைத்திருக்கிறார். இரவெல்லாம் பிரசங்கம் செய்துவிட்டுக் காலையில் 30 கிலோமீட்டர் நடக்கக்கூடிய மனிதர், சரீர முயற்சியைத் தேவபக்தியோடு ஒப்பிட்டுச் சிறியது என்றார். தெருமுனைக் கடைக்கும் ஸ்கூட்டரில் போகிற நாம் அந்த வார்த்தையை அவரிடமிருந்து இரவல் வாங்கியிருக்கிறோம்.

இந்த வாரம் ஓட்டத்தைப் பற்றி எழுதுகிறேன். உருவகமாக அல்ல, காலணி அணிந்து காலையில் ஓடும் ஓட்டத்தைப் பற்றியே. சபையில் பலர் என்னிடம் இதைக் கேட்கிறீர்கள். அதிலும் உடல் எடையைக் குறைக்க எண்ணி ஓடத் தொடங்கியவர்கள், சில மாதங்களில் சோர்ந்துபோய் வந்து கேட்கிறீர்கள்.

எனக்கு வயது 49. சென்ற ஆண்டின் தொடக்கத்தில் என் எடை 92 கிலோ; மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு 6.3. இது நீரிழிவின் வாசற்படி என்று மருத்துவர் சொன்னார். அந்த வாசலுக்கு அப்பால் இருக்கும் அறையை நான் முன்பே பார்த்திருக்கிறேன். என் தகப்பனார் ஒரு கிராமச் சபையில் உபதேசியாராக இருந்தவர். மிதிவண்டியில் ஊர் ஊராகப் போவார். எந்த வீட்டிலும் கை நனைக்காமல் எழுந்ததில்லை. நனைக்காவிட்டால் அந்த வீட்டார் மனம் வருந்துவார்கள் என்பது அவருடைய கவலை. ஓய்வு பெற்று மிதிவண்டி நின்ற பிறகும் விருந்துகள் நிற்கவில்லை. சர்க்கரை நோயினால் முதலில் வலது காலில் இரண்டு விரல்கள், பிறகு பாதம். 61ஆம் வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். ஜனங்கள் அவருக்கு அன்பைத் தவிர வேறொன்றும் கொடுக்கவில்லை. அதைத் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

நம்முடைய திருநெல்வேலிச் சீமையின் விருந்தோம்பலை நான் உங்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. அசனப் பண்டிகையின் ஆட்டுக்கறிக் குழம்பு, கிறிஸ்துமஸ் நாட்களில் வீட்டுக்கு வீடு வரும் முந்திரிக்கொத்தும் அதிரசமும், முதலூரிலிருந்து உறவினர் கொண்டுவரும் மஸ்கோத் அல்வா, அதற்குப் போட்டியாக நமது ஊர்க் கோதுமை அல்வா. ஓர் ஊழியனுக்கு இவை பண்டிகைக்கு மட்டும் வருபவை அல்ல. ஞாயிறு ஆராதனை முடிந்தால் ஒரு ஞானஸ்நான விருந்து, மாலையில் ஒரு புதுவீட்டு ஜெபம், வாரநாட்களில் வீடு சந்திப்பு. ஒரு மாலையில் ஐந்து வீடுகளுக்குப் போனால் ஐந்து காப்பி, ஐந்து தட்டு மிக்சர்.

எனவே மருத்துவரின் அனுமதியோடு ஓடத் தொடங்கினேன். ஓடினேன் என்று சொல்வது முதல் இரண்டு மாதங்களுக்குப் பொருந்தாது. ஒரு நிமிடம் மெதுவாக ஓடுவது, இரண்டு நிமிடம் நடப்பது; இப்படி அரைமணி நேரம், வாரத்தில் மூன்று நாள். இதற்குக் காரணம் உண்டு. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் கால் தாங்குகிற விசை உடல் எடையைப்போல் இரண்டு, மூன்று மடங்கு. 92 கிலோ மனிதனுக்கு அது 200 கிலோவுக்கு மேல். இருதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடும். தசைநாண்களும் எலும்புகளும் அவ்வளவு விரைவில் பழகா. மூச்சு இடம் கொடுக்கிறதே என்று வேகம் கூட்டுகிறவர்கள் முழங்காலையோ முன்னங்காலையோ பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவது இதனால்தான். பருமனான உடலோடு தொடங்குகிற எவரும் இதில் வெட்கப்பட வேண்டாம். மைதானத்தில் 70 வயதைக் கடந்த ஒரு பெரியவர் கைகளை வீசி நடந்தே என்னைக் கடந்து போவார். போகும்போது அன்போடு ஒரு வணக்கமும் சொல்வார்.

எந்த வேகத்தில் ஓடுவது என்று பலர் கேட்கிறீர்கள். கையில் கட்டும் கருவிகள் ஏதேதோ சொல்லுகின்றன. நான் பரமண்டல ஜெபத்தை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். இடையில் மூச்சு வாங்காமல் ஒவ்வொரு வாக்கியத்தையும் சொல்ல முடிந்தால் அது சரியான வேகம். வார்த்தைகள் துண்டு துண்டாக வந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். ஓடிக்கொண்டே பேச முடிகிற வேகமே நெடுந்தூரத்துக்கு உரியது என்பது பயிற்சியாளர்களும் சொல்லும் அளவுகோல்தான். தெரு நாய்களைப் பற்றியும் கேட்கிறீர்கள். நாய் குரைத்துக்கொண்டு வந்தால் ஓடாதீர்கள். நின்று, பிறகு மெதுவாக நடந்து கடந்துபோங்கள். முருகன்குறிச்சியில் ஊசிக்கோபுரத்தைத் தாண்டியதும் ஒரு கூட்டம் உண்டு. அங்கே நான் இன்றும் நடக்கிறேன்.

இப்படியே ஆறு மாதம். இடையில் நடக்காமல் 5 கிலோமீட்டர் ஓட முடிந்தது. விடியற்காலையில் வண்ணார்பேட்டை வழியாகத் தாமிரபரணியை அடைந்து, சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தில் கட்டிக்கொடுத்த பாலத்தின்மேல் காற்று முகத்தில் படும்போது மனம் மிகவும் நிறைந்திருந்தது. எடைக் கருவியில் ஏறி நின்றேன். தொண்ணூறரை கிலோ. ஆறு மாதத்தில் ஒன்றரை கிலோ!

இந்த இடத்தில்தான் பலர் சோர்ந்துபோகிறீர்கள். ஆகவே கணக்கை வெளிப்படையாக வைக்கிறேன். ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகிறது. 90 கிலோ மனிதன் 5 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 450 கலோரி. வாரத்தில் மூன்று நாள் என்றால் 1,350. உடலில் ஒரு கிலோ கொழுப்பு கரைவதற்குச் சுமார் 7,700 கலோரி செலவாக வேண்டும். அதாவது உணவில் ஒரு கவளமும் கூட்டாமல் இருந்தால், ஒரு கிலோவுக்கு ஆறு வாரம். ஆனால் ஓடுகிறவனுக்குப் பசி கூடும். அந்த 450 கலோரியை ஒரு தட்டு பிரியாணி எளிதாகத் தாண்டிவிடும். ஐந்து வீட்டுக் காப்பியும் மிக்சரும் அதற்கு மேலும் போய்விடும். முக்கால் மணி நேரம் வியர்வை சிந்திச் சேர்த்ததைப் பத்து நிமிடத்தில் செலவு செய்துவிடலாம்.

அப்படியானால் ஓடுவது வீணா? இல்லை. வேலை செய்கிற தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்ளுகிறது. எடை குறையாவிட்டாலும் இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்குகிறது. உறக்கம் ஆழமாகிறது. பிரசங்க பீடத்தின் படிகளில் ஏறியபின் மூச்சுவாங்கக் காத்திருந்து பாட்டு எண்ணைச் சொல்லும் நிலை மாறுகிறது. இவை எல்லாம் எனக்குக் கிடைத்தன. கிடைக்காதது ஒன்றே: உண்டதற்கு ஓட்டத்தினால் ஈடு கட்ட முடியவில்லை. உங்களாலும் முடியாது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்கு இரண்டு பேர் காரணம். இருவரும் நம்மைச் சேர்ந்தவர்கள்; அடையாளம் சொல்ல மாட்டேன். ஒருவர் நடுவயதுச் சகோதரர். பந்தியில் அமர்ந்ததும், "ஐயா, இன்னைக்குக் காலைல எட்டு கிலோமீட்டர் ஆயிருச்சு. இன்னொரு கரண்டி வைக்கச் சொல்லலாம்" என்று சிரிப்பார். அவருடன் நானும் சிரிப்பேன். அவர் உற்சாகமான மனிதர்.

மற்றவர் கல்லூரியில் படிக்கும் ஒரு மகள். அவளுடைய கணக்கும் இதே கணக்குத்தான், ஆனால் அவள் சிரிக்கவில்லை. இரண்டு இட்லி கூடுதலாக உண்டால் இத்தனை சுற்று. அசனத்தில் உண்டதற்கு மறுநாள் காலை பத்து கிலோமீட்டர், காய்ச்சல் இருந்தபோதும். கண்ணாடியில் தன்னைப் பார்க்க அருவருப்பாக இருக்கிறது என்று சொல்லி அழுதாள். "பவுலே தன் சரீரத்தை ஒடுக்கினேன்னு சொல்றாரே ஐயா" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை நான் பல நாள் சுமந்துகொண்டு ஓடினேன்.

அவள் குறிப்பிட்டது 1 கொரிந்தியர் 9ஆம் அதிகாரத்தின் முடிவு. அது எழுதப்பட்ட ஊருக்கு அருகில் இஸ்த்மியா என்ற இடத்தில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை விளையாட்டுகள் நடந்தன. கொரிந்து சபையார் அவற்றை அறிந்தவர்கள். ஸ்தாதியம் எனப்பட்ட குறுகிய ஓட்டம் 200 மீட்டருக்கும் குறைவு. நெடுந்தூர ஓட்டமோ அதே தடத்தில் திரும்பத் திரும்ப ஓடுவது. 7 முதல் 24 ஸ்தாதியம் வரை இருந்ததாகச் சொல்லுவார்கள். வென்றவனுக்குப் பைன் இலையாலோ வாடிய காட்டுச் செலரி இலையாலோ ஒரு கிரீடம். அழிவுள்ள கிரீடம் என்று பவுல் சொன்னபோது கேட்டவர்களுக்குப் புன்னகை வந்திருக்கும். அது கொடுக்கப்படும்போதே வாடியிருந்தது. சரீரத்தை ஒடுக்குவது பற்றிய இடத்தில் அவர் எடுத்தாளும் கிரேக்கச் சொல், கண்ணுக்குக் கீழே குத்துவதைக் குறிக்கும் குத்துச்சண்டைக் களத்துச் சொல், கடுமையான சொல்தான். ஆனால் அந்தப் பகுதி முழுவதையும் படியுங்கள். உண்டதற்குத் தண்டனையாகப் பவுல் ஒன்றும் செய்யவில்லை. சுவிசேஷத்தின் நிமித்தம் தம் உரிமைகளை விட்டுக்கொடுத்ததைச் சொல்லிக்கொண்டு வந்தவர், அதற்கு ஆயத்தமாக உடலைப் பழக்குவதைச் சொல்லுகிறார். அதே பவுல், சரீரத்தை வதைப்பது பார்வைக்கு ஞானம்போலத் தோன்றினாலும் இச்சையை வெல்ல உதவாது என்று கொலோசெயருக்கு (2:23) எழுதுகிறார். இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துத்தான் படிக்க வேண்டும்.

நான் அவளுக்கு எலியாவைக் காட்டினேன். கர்மேல் பர்வதத்திலிருந்து யெஸ்ரயேல்மட்டும் ஆகாபின் இரதத்துக்கு முன்னே ஓடியவர். ஏறக்குறைய 25 கிலோமீட்டர், மழையில். அடுத்த அதிகாரத்திலேயே சூரைச்செடியின் கீழ் படுத்து, சாகவேண்டும் என்று வேண்டுகிறார். அவருக்குத் தேவதூதன் கொண்டுவந்தது என்ன? தழலில் சுட்ட அடையும் தண்ணீரும். உண்டு உறங்கியபின் இரண்டாந்தரமும் எழுப்பி உண்ணச் சொல்லுகிறான். முன்பு எவ்வளவு ஓடினாய் என்று கேட்டுவிட்டு அளந்து வைக்கவில்லை. போகவேண்டிய தூரம் வெகுதூரம் என்பதையே காரணமாகச் சொல்லுகிறான்.

அவளை ஒரு மனநல மருத்துவரிடமும் அழைத்துப்போனோம். அவளுடைய தாயாரும் என் மனைவியும் உடன் சென்றார்கள். ஜெபம் போதாதா என்று சபையில் ஒருவர் கேட்டார். ஜெபத்தோடுதான் போனோம் என்றேன். இப்போது அவள் ஓடுவதில்லை. மாலையில் இறகுப்பந்து ஆடுகிறாள். அது எனக்கு மிகுந்த நிம்மதி.

ஓட்டம் கடனைத் தீர்க்காது என்றால் தட்டின் காரியத்தைத் தட்டிலேதான் பார்க்க வேண்டும். என்னைப்போன்றவனுக்கு அது ஓட்டத்தைவிடக் கடினம். பாதையில் நான் தனியாக இருக்கிறேன். தட்டுக்கு எதிரே எப்போதும் அன்புள்ள ஒருவர் நிற்கிறார். கொக்கிரகுளத்தில் ஒரு விதவைத் தாயார் இருக்கிறார். ஓய்வூதியத்தில் வாழ்கிறவர். நான் போனால் மட்டும் கெட்டிப் பாலில் காப்பி போட்டு, இரண்டு கரண்டி சர்க்கரை தாராளமாகக் கலந்து கொண்டுவருவார். வேண்டாம் என்றேன். அவர் முகம் வாடியது.

"என்ன ஐயா, எங்க வீட்டுக் காப்பி ஆகாதா?"

"அப்படி இல்ல பாட்டி. சீனி இல்லாம, பாதி டம்ளர் போதும்."

"பாதியா? மீதிய நான் கீழயா ஊத்த?"

"நீங்க குடிங்க. சேர்ந்து குடிப்போம்."

அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "தாத்தா போனதுக்கு அப்புறம் எனக்குன்னு நான் காப்பி போடுறதே இல்ல ஐயா" என்றார். உள்ளே போய் இன்னொரு டம்ளர் எடுத்துவந்தார். இதுவரை அந்த வீட்டில் நான் குடித்து முடிக்கும்வரை அவர் நின்றுகொண்டே இருப்பார்; அன்றுதான் எதிரே உட்கார்ந்தார். மூன்று ஆண்டுகளாக அவர் சொல்லாத சிலவற்றை அன்று சொன்னார்.

அதற்குப் பிறகு எல்லா வீடுகளிலும் பாதியே கேட்கிறேன். சிலர் வருந்தத்தான் செய்கிறார்கள். ஒரு வீட்டில், நீரிழிவு வந்துவிட்டதா என்று தாழ்ந்த குரலில் விசாரித்து, நான் கேளாமலே விண்ணப்ப ஜெபத்தில் சேர்த்துவிட்டார்கள். அதனால் தீங்கில்லை. இரவு உணவை எட்டு மணிக்குள் முடிக்கிறேன். சோற்றைக் குறைத்துப் பயறும் காயும் கூட்டிக்கொண்டேன். அடுத்த எட்டு மாதத்தில் எடை 86 ஆயிற்று. சர்க்கரை 5.8. மருத்துவர் மகிழ்ந்தார், ஆனால் வாசற்படி இன்னும் அருகில்தான் இருக்கிறது, நிற்காதீர்கள் என்றார்.

பதக்கம் ஏதாவது வாங்கினீர்களா என்று வாலிபர் சங்கத்தார் கேட்கிறார்கள். நம் நாட்டில் மாரத்தான் ஓட்டங்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடக்கின்றன. 1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் எரிக் லிடல் ஞாயிறு என்பதால் 100 மீட்டரை விட்டுவிட்டு, 400 மீட்டரில் ஓடித் தங்கம் வென்றார். எனக்கு அப்படி மாற்று ஓட்டம் எதுவும் இல்லை. நான் எட்டு மணி ஆராதனைக்கு அங்கி அணியும் நேரத்தில் அவர்கள் பாதித் தூரத்தைக் கடந்திருப்பார்கள். ஆகையால் என் வீட்டுச் சுவர் காலியாகவே இருக்கும்.

உங்களில் தொடங்க விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். 40 வயதைக் கடந்தவர்களும், சர்க்கரை, இரத்த அழுத்தம், நெஞ்சில் இறுக்கம் உள்ளவர்களும் மருத்துவரைப் பார்த்தபின் வாருங்கள். நல்ல காலணிக்குச் செலவு செய்யுங்கள், உடைக்கு வேண்டாம். கோடையில் ஆறரைக்குள் முடித்துவிட வேண்டும், நம்முடைய வெயில் தாமதத்தை மன்னிக்காது. செவ்வாய், வியாழன், சனி ஆகிய நாட்களில் அதிகாலை 5 மணிக்குப் பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தின் வாசலில் இருப்பேன். நடக்கிறவர்களும் வரலாம், பாதியில் திரும்புகிறவர்களும் வரலாம். மழை பெய்தாலும் வருவேன். அசனப் பண்டிகைக்கு மறுநாள் காலை மட்டும் என்னைத் தேட வேண்டாம். அன்று ஆலய வளாகத்தில் அண்டாக்களைக் கழுவும் வேலை இருக்கிறது.